தாய்மாமன் தூரத்து உறவாம்!

பேரிடர்க் குழுவின் செயலாளரும், என் ஒரே தங்கையின் கணவரும், திட்டம் தீட்டுவதில் புலியுமான மாப்பிள்ளை அவர்களுக்கு மைத்துனன் பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் முகாமில் உள்ள அனைவரும் ஈரத்தோடு நலம். அங்கே நீங்களும் தங்கையும் மூன்றாவது மாடியில் காய்ந்த நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கையின் துணிப் பிரச்சினை தீர்ந்ததா? நல்ல நல்ல துணியை எல்லாம் மாதா மாதம் எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதம் பிடித்துத் தைக்கக் கொடுக்கிறாள், மறு மாதம் பிரித்துத் தைக்கக் கொடுக்கிறாள், இவள் இளைக்கிறாளா பெருக்கிறாளா என்றே புரியவில்லை என்று போன முறை குறைப்பட்டுக்கொண்டீர்கள். கட்டின மனைவியை ஏற இறங்க ஒரு தரம் பார்த்தால் தெரிந்துவிடும். உங்களுக்கு எங்கே நேரம், ஊரையே காப்பாற்றுகிறீர்கள்.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் உங்கள் குழு கூடி, மேட்டுத் தெருவில் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கும் வீடுகள் வெள்ளத்தில் வீடு போனவர்களில் யார் யாருக்கு என்று முடிவு செய்யப் போகிறது. முகாமில் இருக்கும் தையல்காரிக்கு அதில் ஒரு வீடு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முகாமை மூடுகிற அன்று எல்லோரும் சாவியோடு போவார்கள், அவள் தையல் மெஷினோடு தெருவில் நிற்பாள். அவளுக்கு வீடு கிடைக்க உங்கள் கையெழுத்து ஒன்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சுற்றி வளைக்க மாட்டேன் என்றேனே தவிர, நடந்ததைச் சொல்லாமல் விடுவேன் என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்றாலும் நான் பஸ் கண்டக்டர். எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் போவேன்.

வெள்ளம் வரப்போகிறது என்றதும் எனக்குப் போன் போட்டு, “மச்சான், ஆளுங்களை அடைக்கிறதுல உங்களை மிஞ்ச ஊர்ல ஆள் கிடையாது, பள்ளிக்கூட முகாமை நீங்கதான் பார்த்துக்கணும்” என்றீர்கள். பாராட்டா வசவா என்று யோசித்து முடிப்பதற்குள் தடித்த அட்டை போட்ட உங்கள் திட்டப் புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. அடடா, என்ன திட்டம்! மாட்டுக்கு எங்கே தீவனம், நாய்க்கு எங்கே ஊசி, கூண்டுக் கிளியை எப்படித் தூக்கி வர வேண்டும் என்பது வரை எழுதியிருந்தீர்கள். மனிதர்களுக்கு மட்டும் ஒரே வரி: மண்டபத்தின் நடுவே கயிறு கட்டுக, ஆண்கள் இடம், பெண்கள் வலம். கட்டினேன். கட்டின அரை மணி நேரத்தில் ரொட்டிக்கடைக்காரரின் மாத்திரை அந்தப் பக்கம் அவர் மனைவியின் பையில், மனைவியின் மூக்குக் கண்ணாடி இந்தப் பக்கம் அவர் சட்டைப் பையில் என்று ஆகிவிட்டது. கண்ணாடி இல்லாமல் எது எந்த மாத்திரை என்று அந்த அக்காவுக்குத் தெரியவில்லை, மாத்திரை இல்லாமல் எழுந்து போய்க் கண்ணாடியைக் கொடுக்க இவருக்குத் தெம்பில்லை. அழுகிற பிள்ளைகள் கயிற்றுக்கு மேலே பந்து மாதிரி போய் வந்துகொண்டிருந்தன. புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நடந்ததால் முகாமுக்குப் பொழுதுபோக்குக் குறைவில்லை. இதை எல்லாம் நீங்கள் யோசிக்காமலா இருந்திருப்பீர்கள்?

அப்போதுதான் முழங்கால் தண்ணீரில் தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு தையல்காரி வந்தாள். கடைத்தெருக் கோடியில் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு, இரண்டும் சேர்ந்தே முழுகிவிட்டன. அவள் திருநங்கை என்று ஊருக்கே தெரியும், தெரிந்துகொண்டே ஊரே அவளிடம்தான் துணி தைக்கும். வலப்பக்கம் போனாள். இரண்டு பெண்கள் எழுந்து நின்று “இது லேடீஸ் பக்கம்ங்க” என்றார்கள். அவர்கள் போட்டிருந்தது அவள் தைத்த உடுப்பு. இடப்பக்கம் திரும்பினாள். உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் மீசைக்காரர் எழுந்து “இங்க எல்லாம் குடும்பஸ்தங்க இருக்கோம்” என்றார். அந்தக் குடும்பங்கள் எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தன என்பது வேறு விஷயம். “கழுத்து போகுது, மெஷினை எங்க இறக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க” என்று அவள் என்னைக் கேட்டாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்து அடியில் நட்சத்திரக் குறி போட்டு எறும்பு எழுத்தில் இருந்தது: மற்றவர்களுக்கான இடம் பின்னர் அறிவிக்கப்படும். கிளிக்கு முன்னரே அறிவித்துவிட்டீர்களே மாப்பிள்ளை! உங்களுக்குப் போன் போட்டேன். “மேடையில ஏத்தித் திரையை இழுத்து விடுங்க மச்சான், யாருக்கும் சங்கடமா இருக்காது” என்றீர்கள். அந்த ‘யாருக்கும்’ என்பதில் அவள் சேர்த்தியில்லை என்று புரிந்துகொண்டேன்.

மேடையில் பள்ளி நாடகத்துக்கு வரைந்த அரண்மனைப் படுதா தொங்கியது. அட்டையில் செய்த சிம்மாசனம் ஒன்றும் கிடந்தது. தையல்காரி மெஷினை அரண்மனை வாசலில் வைத்தாள், சிம்மாசனத்தில் ஈரத் துணியைக் காயப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் கடிகாரக்கடை இருவர் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்காரரிடம் அண்ணன் தம்பி என்று சொல்லி ஒரே அறையில் பல காலமாகக் குடியிருக்கிறவர்கள். ஒருவர் கொடிக்கம்பம், ஒருவர் பூசணிக்காய். எந்தத் தாய் இப்படி இரண்டு பெற்றாள் என்று யாரும் கேட்டதில்லை. இடப்பக்கம் இடமிருந்தும் மூத்தவர் நேராக மேடைப்படி ஏறினார். ஏன் என்று கேட்டேன். “வீட்டுக்காரருக்குத்தாங்க நாங்க அண்ணன் தம்பி. வீடே போயிடுச்சு, இனிமே யாருக்காக நடிக்கணும்?” என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் நாடக மேடை. இளையவர் வெட்கத்தில் சுவரைப் பார்த்தார், சுவரில் ஓடாமல் கிடந்த பள்ளிக் கடிகாரத்தைப் பார்த்தார், உடனே ஏறிக் கழற்றிவிட்டார். மாலைக்குள் அது ஓடியது. அந்தக் கடிகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இனி கழிப்பறை. நாகரிகமான விஷயம் இல்லை, ஆனால் வெள்ளத்தில் இதுதான் முதல் விஷயம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, இரண்டிலும் தையல்காரியை விடவில்லை. முதல் நாள் சாயங்காலம் அவள் உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். கடிகாரக்கடை இளையவர்தான் சொன்னார், காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் போக வேண்டுமே என்று குடிக்கவில்லை என்று. ஊரே தண்ணீரில் மிதக்கிறது, என் முகாமில் ஒருத்தி தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியர் கழிப்பறை ஒன்று பூட்டிக் கிடந்தது, சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பூட்டை உடைக்க அம்மிக்கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. உங்கள் திட்டப் புத்தகம் கையில் இருந்தது. நல்ல கெட்டி அட்டை. நாலாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்துவிட்டது. ரொட்டிக்கடை அக்கா வந்து, “நீ போம்மா, எவ வர்றான்னு நான் பாக்கறேன்” என்று கதவுக்கு வெளியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பூட்டை உடைத்ததற்கு விளக்கம் கேட்டுக் குழுவிலிருந்து எனக்கு ஓலை வந்தது. விளக்கம் இதுதான், மேலே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் ஏரிக்கரை உடைந்து மண்டபத்துக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டது. இடத்துக்கும் வந்தது, வலத்துக்கும் வந்தது, கயிறு கட்டியிருக்கிறதே என்று ஒரு மரியாதை இல்லை. நனையாமல் இருந்த ஒரே இடம், யாருக்கும் சங்கடம் கூடாது என்று நீங்கள் ஒதுக்கிக் கொடுத்த மேடைதான். இருக்கிறதிலேயே உயரமான, மின்விசிறி உள்ள, போன் சார்ஜ் போடும் இடத்தைத் தேடிப் பிடித்து ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த முதல் அதிகாரி நீங்களாகத்தான் இருப்பீர்கள். எல்லோரும் மேடையை நோக்கி வந்தார்கள். உங்கள் உதவியாளர் இருக்கிறாரே, உங்களிடம் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு பேசாததால் நாங்கள் ‘சரிங்கய்யா’ என்று கூப்பிடுகிறோமே, அவர் படியில் நின்று கையை விரித்துவிட்டார். “மேடை மற்றவர்களுக்கு மட்டும்னு ஐயா சொல்லியிருக்காங்க. மற்றவங்க மட்டும் ஏறலாம்.”

தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்தது. முதலில் கையைத் தூக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? குடும்பஸ்தர் மீசைக்காரர்தான். “நானும் மத்தவன்தாங்க, எழுதிக்குங்க” என்றார். அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு கயிற்றைத் தாண்டி வந்து, “இவரு எப்பவுமே மத்தவருதான், என்கிட்ட கேளுங்க” என்றாள். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா, ஊரே மற்றவர் ஆகிவிட்டது. நான்கு பிள்ளை பெற்ற அம்மா மற்றவர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர் மற்றவர். இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஆளே இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன? ஆனாலும் ‘சரிங்கய்யா’ ஒவ்வொருவரிடமும், “நிச்சயமாவா?” என்று கேட்டுக் கேட்டுத்தான் விட்டார், கடமை தவறாத மனிதர். தையல்காரி மேடை விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துத் தூக்கினாள். மீசைக்காரர் முறை வந்ததும், “இதைச் சொல்ல இவ்வளவு தண்ணி வேண்டியிருந்துதாண்ணே? ஏறுங்க” என்றாள். அவர் கனத்துக்கு அவள் தோள்பட்டை பிசகியதுதான் மிச்சம்.

ஒரே மேடையில் எள் விழ இடமில்லாமல் ஊர் உட்கார்ந்திருந்தது. தையல்காரி வலிக்கிற தோளோடு திரையைக் கழற்றித் துண்டு துண்டாக வெட்டித் தடுப்புகளாகத் தைத்தாள். குடும்பத்துக்கு ஒரு மறைப்பு, தனியாக வந்தவர்களுக்கு ஒரு மறைப்பு, பால் கொடுக்கிறவர்களுக்கு ஒரு மறைப்பு. மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் ஒன்று சேர்ந்தன. தண்ணீர் வடிந்து மண்டபத்துக்கு இறங்கிய பிறகும் அதே தடுப்புகள்தான் இன்று வரை. உங்கள் கயிறு இப்போது துணி காயப்போடப் பயன்படுகிறது, வீணாகவில்லை. திரையை வெட்டியதற்கும் ஓலை வந்திருக்கிறது.

அப்புறம் நீங்கள் பார்வையிட வந்தீர்கள். படகில் வந்தீர்கள், போட்டோக்காரரோடு வந்தீர்கள், ஆளுக்கொரு போர்வையாகக் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். ரொட்டிக்கடை அக்காவிடம் நலம் விசாரித்தீர்கள், மீசைக்காரரின் குழந்தையைக் கன்னத்தில் தட்டினீர்கள். தையல்காரி முறை வந்தது. போர்வையை நீட்டிவிட்டு முகத்தைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் பாருங்கள், கடிகாரக்கடை இருவருக்குமே சந்தேகம் வந்துவிட்டது, தப்பான நேரம் காட்டுகிறதோ என்று. அவள் போர்வையை வாங்கிக்கொண்டு, “படி வழுக்கும், பாத்துப் போங்க” என்றாள். வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இருக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு பெரிய கடிகாரம் தேவைப்படுகிறது!

ஆமாம் மாப்பிள்ளை, நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கூட நீங்கள் வாய் திறக்காத விஷயத்தை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. மகனாக வளர்த்த பிள்ளை, நான் மகள் என்று சொன்ன அன்று வாசலைக் காட்டினீர்கள். தங்கையிடம் பிள்ளைக்குக் கப்பலில் வேலை, கப்பலில் போன் எடுக்காது என்றீர்கள். அந்தப் பிள்ளை நாலு தெரு தள்ளிக் கடை போட்டபோது, தங்கைக்குத் தெரியக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். இத்தனை வருஷமாக ஒரு கரையும் சேராத கப்பல்! ஊருக்குள்ளேயே கடல் மாதிரித் தண்ணீர் நின்றதே, அப்போதாவது அது வந்திருக்கலாம். தங்கை இதுவரை என்னிடம் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பாவி, நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வீட்டு விஷயம். மேட்டுத் தெரு வீடுகள் குடும்பங்களுக்கு மட்டும், தனியாளுக்கு இல்லை என்பது உங்கள் விதி. தனியாளுக்கு மழை பெய்யாது போலிருக்கிறது. கடிகாரக்கடை இருவருக்கு வீடு உண்டு, எப்படி என்றால் மறுபடியும் அண்ணன் தம்பி என்று சொன்னால் உண்டு. மூத்தவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், “வெள்ளத்துல மட்டும்தாங்க எங்களுக்கு உண்மை பேசற வசதி. வெயில் வந்தா அண்ணன் தம்பிதான்.” இளையவர் சிரிக்கவில்லை. தையல்காரிக்கு அந்தப் பொய்யும் கிடையாது. குடும்ப உறவு ஒருவர் வந்து இவள் எங்கள் வீட்டுப் பெண், இவளுக்குப் பொறுப்பு நாங்கள் என்று கையெழுத்துப் போட்டால் தரலாம் என்றார் ‘சரிங்கய்யா’. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நான் போனேன். “நீங்க யாரு?” என்றார். தாய்மாமன் என்றேன். அவர் உங்கள் புத்தகத்தைப் புரட்டி, நான் பூட்டை உடைத்த அதே புத்தகத்தை, பூட்டின் தழும்போடு இருக்கிற அதே பக்கத்தைக் காட்டினார். தாய், தந்தை, உடன்பிறந்தோர், துணை, மக்கள். இவர்கள் மட்டுமே குடும்பம். தாய்மாமன் தூரத்து உறவு.

தூரத்து உறவு! மாப்பிள்ளை, எந்தக் கையால் எழுதினீர்கள் அதை? தாய்க்குப் பின் தாய்மாமன் என்று சொல்கிற நாக்கு நம்முடையது. நீங்கள் உட்கார்ந்து திட்டம் எழுதிய அந்த மேசையே தங்கை கல்யாணத்துக்கு இந்தத் தூரத்து உறவு வாங்கிக் கொடுத்தது. உங்கள் மகள் பிறந்த அன்று நீங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள், பஸ்ஸை வழியில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து முதலில் கையில் வாங்கியவன் நான். அன்றைக்குப் பயணிகள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு நான் தூரம், கூண்டுக் கிளிக்கு நீங்கள் கிட்டத்து உறவு! நேற்று அவள் சொன்னாள், “விடுங்க மாமா, கடை வாசல்லயே ஒரு தார்பாய் கட்டிக்கிறேன். இதுக்காக அவர்கிட்ட நீங்க கெஞ்சாதீங்க.” நான் கெஞ்சத்தான் போகிறேன். ஒரு தடவை கெஞ்சினால் என் மீசை உதிர்ந்துவிடாது, எனக்கு மீசையும் இல்லை.

ஆகவே, நாளை மறுநாள் காலை, குழு கூடுவதற்கு முன்னால் வாருங்கள். போட்டோக்காரர் வேண்டாம், போர்வை வேண்டாம். ‘இவள் என் மகள்’ என்று மூன்று சொல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், போதும். தடித்த புத்தகம் எழுதியவருக்கு மூன்று சொல் பாரமா? உங்களைத் தவிர அவளுக்குக் கையெழுத்துப் போட இந்த ஊரில் ஆளில்லை. தங்கையிடம் நான் இன்றுவரை மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன், கொடுத்த வாக்குக் கொடுத்ததுதான். கோபத்தில் நாலு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பித்தான் இருக்கிறோம்.

உங்கள் காலில் ஈரம் படாமலும், உங்கள் திட்டங்களில் கண் படாமலும், நீங்களும் தங்கையும் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்தும்,
தூரத்து உறவு.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தங்கை வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு தலையணை, பிடித்துத் தைக்க ஒரு மூட்டைத் துணி. மண்டபத்துக்குள் நுழைந்து நேராகத் தையல்காரியின் தடுப்புக்குள் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “நான் சொல்லலைம்மா, சத்தியமா நான் சொல்லலை” என்றேன். “நீ ஏண்ணா சொல்லணும்? அந்தக் கப்பல் தையல்கடை வாசல்ல நங்கூரம் போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. மாசா மாசம் நான் எங்க போறேன்னு நினைச்சே?” என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன், ‘சரிங்கய்யா’வும் அழுதார். ஆகவே மேலே கேட்டதை எல்லாம் மறந்துவிடுங்கள். உங்கள் கையெழுத்து வேண்டாம். தாய் போட்டுவிட்டாள். தாயும் மகளும் குடும்பம்தான் என்று உங்கள் புத்தகமே சொல்வதால் வீடு உறுதி, தங்கையும் அங்கேயே இருக்கப் போகிறாள். இனி மூன்றாவது மாடியில் நீங்கள் தனியாள். விதிப்படி உங்களுக்கு இனி ஒன்றும் கிடைக்காது. கவலைப்படாதீர்கள், அடுத்த வெள்ளத்துக்கு மேடையில் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன், ‘சரிங்கய்யா’ கேட்டால் மற்றவர் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று. போர்வை கொடுக்க வந்த அன்று உங்கள் சட்டையின் இடது கைப் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்ததாம். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சட்டையை அனுப்பினால் தைத்துத் தருகிறேன் என்று உங்கள் மகள் எழுதச் சொன்னாள்.